கண்ணாடியில் பார்ப்பவன்

ஐஸ் ஹாக்கியில் தடுப்பாட்டக்காரனை எடைபோட வேண்டுமென்றால் பந்துக்குப் பதிலாக அடித்து ஆடும் ரப்பர் வட்டைப் பார்க்கக் கூடாது. வட்டு அவனிடம் வருவதற்கு முன் அவன் தலை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். மூலையில் கிடக்கும் வட்டை எடுக்க அவன் பின்னால் சறுக்கிப் போகிறான். முதுகுக்குப் பின்னால் எதிரணிக்காரன் முழு வேகத்தில் வருகிறான். எதிரே ஆடுகளத்தைச் சுற்றிய பலகைச் சுவர், அதன் மேல் கண்ணாடித் தடுப்பு. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் சுமாரான பையன் வட்டை மட்டும் பார்ப்பான். நல்ல பையன் ஒரு தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பான். மிக நல்ல பையன் இரண்டு தோளுக்கு மேலும் பார்த்துவிடுவான்.

எமெட் சவாட்ஸ்கி எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் முதல் தடவை அவனைப் பற்றி ஒன்றும் எழுதாமல் வந்துவிட்டேன்.

பெரிய லீக் அணி ஒன்றுக்காக இந்தச் சமவெளி ஊர்களில் பையன்களின் ஆட்டத்தைப் பார்ப்பது என் வேலை. ஜூன் மாதம் டிராஃப்ட் நடக்கும். அணிகள் வரிசையாக இளைஞர்களின் பெயரைக் கூப்பிட்டு எடுத்துக்கொள்ளும். யார் பெயரைக் கூப்பிடலாம் என்று சொல்வதற்குத்தான் என்னைப் போன்ற ஸ்கவுட்டுகள் குளிர்காலம் முழுக்கக் காரிலும் பெஞ்சிலும் உட்கார்ந்திருக்கிறோம். பதினேழு வயதுப் பையன்கள் எத்தனையோ பேரைப் பார்த்தாகிவிட்டது. ஒருவன் விழுந்தால் எழுந்திருக்க எவ்வளவு நேரமாகிறது என்று கணக்குப் பார்ப்பேனே தவிர, அடி பட்டதா என்று மனசு கேட்பதில்லை.

எமெட்டை இரண்டாவது முறை பார்த்தது அக்டோபரில். அன்று மற்ற ஸ்கவுட்டுகளின் பேச்சுக்குப் பயந்து கோலுக்குப் பின்னால் தனியாகப் போய் நின்றேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். வட்டை எடுக்க நேராக என்னை நோக்கி வந்தான். கண்கள் என் மேல் இருந்தன. ஆனால் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் விழுந்த பிம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் எவன் வருகிறான், எந்தத் தோள் பக்கம் வருகிறான், எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அதில் தெரிந்தது. கடைசி நொடியில் மறுபக்கம் திரும்பினான். வந்தவன் வெறும் பலகையில் போய் மோதினான்.

முப்பது வருடத்தில் அப்படி ஒரு பையனை நான் பார்த்ததில்லை. யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் சொல்லவும் மாட்டார்கள்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மறுபடி எமெட் ஆடும் கெல்வார்த் ஊருக்குப் போனேன். ஆட்டம் தொடங்குமுன்பே மெர்வ் பென்னர் மேல் வரிசை மூலையில் இரண்டு காபியோடு உட்கார்ந்திருந்தான். வேறு அணியின் ஸ்கவுட். ஒரே ஊர்களில், ஒரே பெஞ்சுகளில், என் வயதளவு குளிரை அவனும் தின்றிருக்கிறான்.

"யோவ் ஓரஸ்ட், இன்னும் சாகலையா நீ?"

"உனக்கு முன்னாடி போறதா இல்ல."

"கார் ஸ்டார்ட் ஆச்சா?"

"நேத்து ராத்திரி இன்ஜின் ஒறையாம இருக்க ஹீட்டரை பிளக்குல போட மறந்துட்டேன். மோட்டல்காரன் வந்து அவன் கார் பேட்டரிலேந்து ஜம்ப் குடுத்தான்."

"பொறந்ததுலேந்து சஸ்காட்செவன்ல கெடக்குற, காருக்கு பிளக் போட மறக்குற. உன் கண்ணை நம்பி ஒரு டீமு ஆள் எடுக்குது பாரு, அவங்களைச் சொல்லணும்."

காபியை வாங்கிக்கொண்டேன். விரல்களில் சூடு ஏற நேரமாயிற்று.

"சவாட்ஸ்கி எப்படி?" என்று கேட்டேன்.

"யாரு, அந்த ஒல்லிப் பையனா? பரவாயில்ல."

மெர்வுக்கு ஒருவனைப் பிடிக்கவில்லை என்றால் வாயாரப் புகழ்வான். எதிராளி அவனை எடுத்துக்கொண்டு போகட்டும் என்று. 'பரவாயில்ல' என்றால் அவன் அணி அந்தப் பையன் மேல் கண் வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

"சட்டிக் கதை கேட்டியா?" என்றான்.

"இல்ல."

"கேக்கலையா? இந்த ஊரு பெட்ரோல் பங்க்குல கூடச் சொல்றாங்கடா. அவன் தங்கியிருக்கற வீட்டுல அந்தம்மா அடுப்புலேந்து கறி ரோஸ்ட் சட்டியை எடுக்கச் சொல்லியிருக்கு. கையுறை ஒண்ணுதான் இருந்துச்சாம். இவன் ஒரு கையில கையுறை, ஒரு கை வெறுங்கை. அப்படியே சட்டியைத் தூக்கிட்டான். தோலு வெந்து போச்சு. கீழ போட்டானான்னா, இல்ல. மேஜை வரைக்கும் நடந்து வந்து மெதுவா வச்சிருக்கான். மூச்சு விடல. கோச்சு சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாரு. அந்தப் பையன் இரும்புடா."

"எந்தக் கை?"

"எந்தக் கையா இருந்தா என்ன? இரும்புங்கறேன்."

ஆட்டம் தொடங்கியது. எமெட் ஒன்றும் தவறு செய்யவில்லை. கண்ணாடியைப் பார்த்தான், திரும்பினான், வட்டை வெளியே அனுப்பினான். ஆனால் அக்டோபரில் இல்லாத ஒன்று இப்போது இருந்தது. மட்டைக்கு வட்டு வந்து சேரும் நேரத்தில் குனிந்து அதைப் பார்த்தான். கண் சிமிட்டும் நேரம்தான். முன்பெல்லாம் வட்டு மட்டையில் பட்டதை அவன் கைதான் அவனுக்குச் சொல்லும். கண் வேறு வேலை பார்க்கும். இப்போது கண் போய் உறுதி செய்துவிட்டு வந்தது. அந்தக் கண் சிமிட்டலுக்குள் பெரிய லீக்கில் ஓர் ஆள் வந்து இடித்துவிடுவான்.

"களைச்சுப் போயிருக்கான்" என்றான் மெர்வ், நான் கேட்காமலேயே. "பிப்ரவரி இல்லயா. எல்லாப் பயலும் களைச்சுத்தான் இருப்பானுங்க."

நான் காபியைக் குடித்து முடித்தேன்.

மறுநாள் காலை டோரீன் ஃப்ரீசன் வீட்டுக்குப் போனேன். வெளியூர்ப் பையன்கள் இந்த ஊர்களில் யாராவது ஒரு குடும்பத்தோடு தங்கித்தான் ஆடுவார்கள். கோச்சுகள் சொல்வதைவிட அந்த வீட்டு அம்மாக்கள் சொல்வதில்தான் எங்களுக்குப் பயன் அதிகம். தட்டைக் கழுவுகிறானா, யாரிடம் கத்துகிறான், தோற்ற அன்று எப்படி இருக்கிறான். டோரீனுக்கு இது எட்டாவது பையனோ ஒன்பதாவதோ. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். ஸ்கவுட்டுகள் வருவார்கள் என்று பெர்ரிப் பழம் உள்ளே வைத்துச் சுடும் இனிப்புப் பை செய்து வைத்திருந்தாள்.

"பூட்ஸைக் கழட்டு ஓரஸ்ட், தரையைத் தொடைச்சிருக்கேன். நேத்து வந்த ஆளு பூட்ஸோட அடுப்படி வரைக்கும் வந்துட்டாரு. அவங்க டீமுக்கு என் பையனைக் குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்."

"அந்த ஆளு என்ன சொன்னான்?"

"பைல ரெண்டாவது துண்டு கேட்டாரு."

சட்டிக் கதையை அவளே எடுத்தாள். நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. இந்த மேஜையில் உட்கார்ந்த ஒவ்வொரு ஸ்கவுட்டுக்கும் அவள் அதைச் சொல்லியிருக்கிறாள் என்பது, அவள் எந்த இடத்தில் கையை உயர்த்துகிறாள் என்பதிலேயே தெரிந்தது.

"இடது கைதான். கையுறை வலது கையில. தூக்கிட்டு இப்படி வரான், என்கிட்ட ஏதோ ஸ்கூல் கதை பேசிக்கிட்டே. சாவகாசமா. எனக்கு என்னமோ தோலு கருகற வாடை. 'எமெட்! எம், கை! கை!'ன்னு கத்தினேன். அப்பத்தான் குனிஞ்சு பாத்தான். பாத்துட்டு, மெதுவா மேஜையில வச்சுட்டு, 'ஸாரி டோரீன்'னான். என்னத்துக்கு ஸாரி? மேஜைத் துணியில கறை பட்டுச்சாம். இப்படி ஒரு புள்ளையை நான் பாத்ததில்ல. அழ வேணாம், ஒரு 'ஆ'வாவது சொல்ல வேணாமா?"

"நீ கத்தின அப்புறம்தான் பாத்தானா?"

"ஆமா. அதான் சொல்றேன். அவ்வளவு திடமான புள்ள."

ஊரில் சுற்றிய கதையில் அவள் கத்தியது இல்லை. வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. கோச் சொன்னபோதோ, பெட்ரோல் பங்க்கில் சொன்னபோதோ. இந்த ஊர்களில் பல் உடைந்தால் துப்பிவிட்டு ஆடுவதைச் சொல்லிக் குழந்தை வளர்க்கிறார்கள். வலியைத் தாங்கினான் என்பது யாருக்கும் உடனே புரிகிற விஷயம். வலியே இல்லை என்பது யாருக்கும் தோன்றாது.

பைத் துண்டை ஃபோர்க்கால் இரண்டாகப் பிளந்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

எமெட் பயிற்சி முடிந்து வந்தான். ஈரத் தலை, தொப்பி, தோளில் ஆட்டச் சாமான்கள் அடைத்த பெரிய பை. வலது கையை நீட்டினான்.

"குட் மார்னிங் மிஸ்டர் ஹால்கோ."

"உக்காரு எமெட்."

டோரீன் எங்களைத் தனியாக விட வேண்டும் என்பது தெரிந்தவள். துவைக்கும் துணிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் என்னைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை பேசுங்க" என்று கீழே இறங்கிப் போனாள்.

"கை எப்படி இருக்கு?"

"ஆறிடுச்சு சார்." உள்ளங்கையைக் காட்டினான். ரோஜா நிறப் புதுத் தோல்.

"வலிச்சுதா?"

"இல்ல." என் முகத்தைப் பார்த்தான். "கொஞ்சம் வலிச்சுது. ராத்திரில."

என் முகத்தில் எதையோ படித்துவிட்டுத்தான் பதிலை மாற்றினான். ஆட்டத்தில் செய்வதைத்தான் மேஜையிலும் செய்தான்.

"நீ கோலுக்குப் பின்னால வரும்போது கண்ணாடியில பாத்துக்கற" என்றேன்.

முதன்முறையாகச் சிரித்தான். முன்பல் ஒன்று பாதி இல்லை. "யாரும் கண்டுபிடிச்சதில்ல சார். எங்க அப்பா ஒரு தடவை, 'ஏண்டா ஜனங்களையே மொறைச்சுப் பாத்துக்கிட்டு வரே'ன்னு திட்டுனாரு."

"அக்டோபர்லேயே பாத்துட்டேன். இப்ப வேற ஒண்ணும் பாத்தேன். வட்டு வந்தா குனிஞ்சு பாக்கற."

சிரிப்பு மெல்ல மறைந்தது. கீழே துவைக்கும் இயந்திரம் தண்ணீர் இழுக்கும் சத்தம் கேட்டது.

"மிஸ்டர் பென்னர் பாத்தாரா?" என்று கேட்டான்.

"இல்ல."

"வேற யாராவது?"

"இல்லன்னு நெனக்கறேன். எப்பலேந்து?"

அவன் இடது கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடி. வெளியூர் மேட்ச். கண்ணாடியில ஒருத்தனைத்தான் பாத்தேன். ரெண்டு பேரு வந்தானுங்க. தலை பலகையில போச்சு. கழுத்துலேந்து விரல் வரைக்கும் தீ புடிச்ச மாதிரி ஒண்ணு ஓடுச்சு. அப்புறம் ஒண்ணும் இல்ல. கையைப் போட்டுப் படுத்து எழுந்தா இருக்குமே, அந்த மாதிரி. சில நாளு உணர்ச்சி வந்துடும் சார். போன வாரம்கூட வந்துச்சு."

"இப்ப?"

"இப்ப இல்ல."

"ஜோலீனுக்குத் தெரியுமா?"

ஜோலீன் கார்டினல் அந்த அணியின் சிகிச்சையாளர். காயம், கட்டு, கணுக்கால் எல்லாம் அவள் பொறுப்பு.

"தெரியாது. சொன்னா அன்னைக்கே உக்கார வச்சுடுவாங்க. ஸ்கேன்னு அனுப்புவாங்க. கழுத்துன்னு பேரு வந்துட்டா போச்சு சார், ஒருத்தரும் தொட மாட்டாங்க. நீங்களே தொட மாட்டீங்க."

அது உண்மை.

"இன்னொரு அடி அதே எடத்துல பட்டா என்ன ஆகும்னு தெரியுமா?"

"நெட்ல தேடிப் பாத்தேன்."

"பாத்துமா?"

"ஜூன் வரைக்கும்தான் சார்" என்றான். கெஞ்சவில்லை. கடையில் விலை சொல்வதுபோல் சொன்னான். "பேரைக் கூப்புடட்டும். ஒரே தடவை. கூப்பிட்ட மறுநாளே நானே போய் சொல்லிடறேன். அப்ப டீமு இருக்கும், டாக்டர் இருப்பாங்க. இப்ப சொன்னா நான் யாரு? ஸ்கூல்ல கணக்கு ஓடல, எங்க ஊர்ல தானியக் கிடங்கு வேலைக்கு எங்க அண்ணன் இருக்கான். எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்."

"நாளைக்கு மேட்ச்சுக்கு முன்னாடி ஜோலீன்கிட்ட சொல்லு. நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

"சரி மிஸ்டர் ஹால்கோ" என்றான். கோச்சுகளிடம், ஆசிரியர்களிடம், நிருபர்களிடம் சொல்லும் அதே மரியாதையான 'சரி'. அது எதற்கும் சம்மதம் இல்லை.

டோரீன் மேலே வந்தபோது இருவரும் பை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

ஞாயிறு பிற்பகல் ஆட்டம். நான் உள்ளே நுழைந்தபோது பையன்கள் உடலைச் சூடேற்றிச் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். எமெட்டும் இருந்தான். மேல் வரிசையை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

அப்போதே இறங்கிப் போயிருக்கலாம். மெர்வ் உருளைக்கிழங்கு வறுவலில் குழம்பு ஊற்றிக் கொண்டுவந்திருந்தான். பெஞ்சில் இடம் விட்டு உட்கார்ந்தான். நானும் உட்கார்ந்தேன். தேசிய கீதத்துக்கு எழுந்தோம், மறுபடி உட்கார்ந்தோம். ஸ்கவுட்டுகள் ஆட்டத்தின் நடுவே கீழே போவதில்லை. அப்படி ஒரு விதி எங்கும் எழுதியில்லை. யாரும் போய் நான் பார்த்ததில்லை. முதல் பகுதி முழுக்க அந்த விதியின் மேல் உட்கார்ந்திருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

எமெட் நன்றாக ஆடினான். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. எதிரணியில் பெரிய உருவமுள்ள ஒரு பையன் அவனைத் தேடித் தேடி வந்தான். எமெட் கண்ணாடியில் அவனைப் பார்த்துப் பார்த்து வழி விட்டான்.

"தொடவே முடியலடா" என்றான் மெர்வ். "எப்படிடா அவனுக்கு முதுகுல கண்ணு?"

எனக்குத் தெரியும். வறுவலில் ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். ஆறிப்போயிருந்தது.

இரண்டாவது பகுதியின் கடைசியில் வட்டு மூலைக்குப் போனது. எமெட் பின்னால் வந்தான். கண்ணாடியில் பார்த்தான், இடது பக்கம் திரும்பினான். எல்லாம் சரி. வட்டு அவன் மட்டையைத் தொட்ட கணத்தில் குனிந்தான். அந்தப் பெரிய பையன் தோளைக் கொடுத்தான். விதிப்படியான இடிதான், விசில்கூட ஊதவில்லை. எமெட் பலகையில் மோதி முழங்காலில் விழுந்தான். அடுத்த கணம் எழுந்தான். இடது கையைப் பார்த்தான். மட்டை அதில் இல்லை. விழுந்தது அவனுக்குத் தெரியவில்லை. ஐஸில் இரண்டு பக்கமும் தேடிவிட்டு, வலது கையால் எடுத்துக்கொண்டு பெஞ்சுக்குப் போனான்.

கூட்டம் கை தட்டியது. "இரும்பு!" என்று யாரோ கத்தினார்கள். சட்டிக் கதை எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இடைவேளை மணி அடித்தது. நான் எழுந்தேன்.

"கழிப்பறையா? எனக்கொரு காபி வாங்கிட்டு வா" என்றான் மெர்வ்.

படிகளில் இறங்கினேன். ரப்பர் விரிப்புப் போட்ட நடை. வியர்வையும் ஈரத் தோலும் கலந்த வாடை. ஜோலீனின் அறை வாசலில் நின்றேன். அவள் யாருடைய புருவத்துக்கோ பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"ஓரஸ்ட்? வழி தப்பி வந்துட்டியா? மேல உக்காந்து எங்க புள்ளைங்களுக்கு மார்க் போடறதுதானே உன் வேலை?"

"சவாட்ஸ்கியைக் கூப்பிடு. இடது கையில உணர்ச்சி இல்ல அவனுக்கு. டிசம்பர்லேந்து."

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிளாஸ்திரி ஒட்டிய பையனின் தலையில் தட்டி வெளியே அனுப்பினாள். "எம்!" என்று நடையில் கூப்பிட்டாள்.

அவன் வந்தான். என்னைப் பார்த்தான். முகத்தில் கோபம் இல்லை. எதுவுமே இல்லை.

"இவரு என்னமோ சொல்றாரு. நெஜமா?"

"இல்ல ஜோலீன். கொஞ்சம் மரத்துச்சு, போயிடுச்சு. இடிச்சா எல்லாருக்கும் வர்றதுதானே."

"உக்காரு. இடது கையை நீட்டு. அந்தப் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கோ. நான் குத்தற விரல் எதுன்னு சொல்லணும். ஏமாத்தாத."

மேஜையில் ஏறி உட்கார்ந்தான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். ஜோலீன் தன் சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள்.

"இது?"

"சுண்டு விரல்."

"இது?"

"நடு விரல்."

"இது?"

"கட்டை விரல். லேசாக் குத்தாதீங்க, கூசுது."

ஜோலீன் சிரித்தாள். "ஒழுங்காத்தானே இருக்கு? ஓரஸ்ட், அந்த உசரத்துலேந்து பாத்தா உனக்கு விரல்ல உணர்ச்சி இருக்கறதுகூடத் தெரியுமா?"

எனக்கும் ஒரு நிமிடம் அப்படித்தான் இருந்தது. போன வாரம் வந்தது என்றானே, இன்று வந்திருக்கலாம். நான் காபி வாங்கிக்கொண்டு மேலே போகலாம். ஜூனில் எங்கள் அணி அவன் பெயரைக் கூப்பிடும். நான்தான் கண்டுபிடித்தவன்.

அப்போது அவன் கண்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தேன். முப்பது வருடப் பழக்கம். கையைப் பார்க்காமல் தலையைப் பார்ப்பது.

சுவரில் மருந்து அலமாரி இருந்தது. கண்ணாடிக் கதவு. உள்ளே வெள்ளைக் கட்டுத் துணிகள், கறுப்பு டேப் சுருள்கள். அவற்றுக்கு மேலே, மங்கலாக, ஜோலீனின் தோளும் குனிந்த தலையும் ஊக்கு பிடித்த கையும். எமெட் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் வருகிறவன் எந்தப் பக்கம் வருகிறான் என்று பார்க்கும் அதே பார்வை.

கண்ணாடியில் என் முகமும் இருந்தது. அவன் கண் அங்கே வந்து நின்றது. நான் பார்த்துவிட்டதை அவன் பார்த்தான். தலையைக்கூட ஆட்டவில்லை. அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனையோ பையன்கள் என்னிடம் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். இவ்வளவு அமைதியாக யாரும் கேட்டதில்லை.

நான் கோட்டைக் கழற்றினேன். எங்கள் அணியின் சின்னம் தைத்த குளிர்காலக் கோட்டு. அலமாரிக் கதவின் கொண்டியில் மாட்டினேன். கனமான கோட்டு. கண்ணாடி முழுவதையும் மறைத்துக்கொண்டது.

"என்ன, வேக்குதா உனக்கு?" என்றாள் ஜோலீன்.

"இன்னொரு தடவை பாரு."

அவள் தோளைக் குலுக்கினாள். ஊக்கைச் சுண்டு விரலில் வைத்தாள். நடு விரலில். மோதிர விரலில் கொஞ்சம் அழுத்தினாள். ஒரு பொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது.

எமெட் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எம்?" என்றாள் ஜோலீன். குரல் மாறியிருந்தது. "எந்த விரல் கண்ணா?"

"ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றான் அவன்.

ஜோலீன் ஊக்கை மேஜையில் வைத்தாள். எமெட் முகத்தைத் திருப்பி, விரலில் நின்ற ரத்தத்தைப் பார்த்தான். வலது கையால் அதைத் துடைத்தான். ஜோலீன் அவன் கழுத்தின் இரு பக்கமும் கை வைத்து, தலையை அசைக்காதே என்று மட்டும் சொன்னாள். வாசல் பக்கம் திரும்பி மேனேஜரைக் கூப்பிட்டாள். ஆம்புலன்ஸ் என்ற சொல் காதில் விழுந்தது. நடையில் பையன்கள் மூன்றாவது பகுதிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சறுக்குக் காலணிகள் ரப்பரில் மிதிபடும் சத்தம் ஒவ்வொன்றாகக் குறைந்து நின்றது.

"உங்க கோட்டு, மிஸ்டர் ஹால்கோ" என்றான் எமெட், தலையை அசைக்காமல். "குளிரும் வெளில."

"இருக்கட்டும்."

மேலே போனேன். காபி வாங்க மறந்திருந்தேன். மெர்வ் என் வெறும் கையைப் பார்த்தான், பிறகு சட்டையைப் பார்த்தான்.

"கோட்டு எங்கடா? உன் பையனையும் காணோம், பாத்தியா? பெஞ்சுல இல்ல."

எங்கள் தொழிலில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கழுத்து, டிசம்பர், மரத்த கை, டோரீன் கத்திய பிறகுதான் அவன் கையைப் பார்த்தது. கண்ணாடியை மட்டும் சொல்லவில்லை. ஏன் என்று எனக்கும் தெரியவில்லை. அது அவனுடையது போலத் தோன்றியது.

மெர்வ் காலித் தட்டை இரண்டாக மடித்தான். மறுபடி நான்காக மடிக்கப் பார்த்தான், மடியவில்லை.

"அந்தச் சட்டிக் கதையை எங்க ஆளுங்க எல்லாருக்கும் சொன்னேன்டா" என்றான். "போன் போட்டுப் போட்டுச் சொன்னேன். பட்டியல்ல பதினஞ்சு எடம் மேல ஏத்தினாங்க."

"எங்க டீமும் கேட்டிருந்தா ஏத்தியிருப்பாங்க."

"கேட்ட ஒருத்தனாவது, எந்தக் கைன்னு கேட்டிருக்கலாம்."

"நான் கேட்டேன்."

"ஆமா" என்றான். "கேட்டே."

கீழே ஆட்டம் தொடங்கியிருந்தது. எமெட்டின் இடத்தில் வேறொரு பையனை இறக்கியிருந்தார்கள். எண் தெரியவில்லை, பெயரும் தெரியவில்லை. சட்டைக்குள் கைகளை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வட்டு மூலைக்குப் போனது. அந்தப் பையன் பின்னால் சறுக்கி வந்தான். முதுகுக்குப் பின்னால் அந்தப் பெரிய உருவம் வந்துகொண்டிருந்தது.

பையன் வட்டை மட்டும் பார்த்தபடி போனான். எந்தத் தோளுக்கு மேலும் திரும்பவில்லை. நான் அதைக் கவனித்தேன். பக்கத்தில் மெர்வும் கவனித்தான்.